ரோஜாச் செடிப் புழுவும் குளவிக் குடும்பமும்

கேள்வி: என் ரோஜாச் செடியில் பச்சைப் புழுக்கள் கூட்டமாக ஏறி, நடு நரம்பை மட்டும் விட்டுவிட்டு இலை முழுவதையும் தின்கின்றன. தொட்டால் வால் பக்கத்தைத் தூக்கி வளைத்துக்கொள்கின்றன. வண்ணத்துப்பூச்சிப் புழு என்று நினைத்து பி.டி. நுண்ணுயிர் மருந்தை இரண்டு முறை தெளித்தேன், ஒன்றுகூடச் சாகவில்லை. படத்தைப் பார்த்த நண்பர், 'இது வண்ணத்துப்பூச்சி இல்லை, குளவி ஜாதி' என்கிறார். குளவி புழுவைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டில் அடைப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அது இலை தின்னுமா? வேட்டையை விட்டுவிட்டுச் சைவத்துக்கு மாறிய குளவியா இது? 'பரிணாமத்தில் பின்தங்கிவிட்ட இனம்' என்றும் ஓரிடத்தில் படித்தேன். அது சரிதானா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது சரி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, புழுவின் வயிற்றுக்கடியில் இருக்கும் சதைக்கால்களை எண்ணிப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி நிஜக் கால்கள் இலையில் நடமாடும் இந்த இரு வகைப் புழுக்களுக்கும் உண்டு. அதற்கப்புறம் வரும் சதைக்கால்கள் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு ஐந்து ஜோடிக்கு மேல் போவதில்லை. உங்கள் புழுவுக்கு ஆறு ஜோடிக்குக் குறையாமல் இருக்கிறது. கண்ணும் காட்டிக்கொடுக்கும். வண்ணத்துப்பூச்சிப் புழுவின் முகத்தில் பக்கத்துக்கு ஆறு போலப் புள்ளிக் கண்கள் கொத்தாக இருக்கும். இதற்குப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று, கருப்புப் பொட்டு வைத்த மாதிரி.

இதைச் சாஃப்ளை என்பார்கள். பெயரில் 'ஈ' இருந்தாலும் ஈ இல்லை. தமிழில் ரம்பப் பூச்சி என்று சொல்வதே எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பெண் பூச்சியின் வாலடியில் உண்மையாகவே ஒரு ரம்பம் இருக்கிறது. பி.டி. மருந்து தோற்றதற்கும் காரணம் இதுதான். புழுக்களுக்கென்று வழக்கமாக விற்கப்படும் பி.டி. ரகம் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களின் குடலில்தான் வேலை செய்யும். ரம்பப் பூச்சிப் புழுவின் குடலில் அது பிடிப்பதில்லை. இனி அந்த மருந்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். வேட்டையை விட்டுச் சைவத்துக்கு மாறிய குளவியா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்தது நேர்மாறு. முதலில் இருந்தவை செடியைத் தின்றவைதான். கொடுக்கு வைத்த குளவி, எறும்பு, தேனீ எல்லாமே அந்தச் செடிதின்னிகளின் வழியில் பிற்காலத்தில் வந்த ஒரு கிளை. கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கிவிடும் என்று நம் பழைய பேச்சில் ஒரு நம்பிக்கை உண்டு. அறிவியலாக அது தவறு. ஆனால் குளவியின் முன்னோர் இலையிலும் பூந்தாதிலும் மரத்திலும் புழுவாய்க் கிடந்தவை என்பது மட்டும் உண்மை.

ரம்பப் பூச்சி, குளவி, எறும்பு, தேனீ எல்லாம் சேர்ந்த ஹைமெனாப்டெரா என்ற இந்தப் பெருங்கூட்டத்தில் இதுவரை பெயரிடப்பட்டவை 1,50,000 இனங்களுக்கும் மேல். அவற்றில் ரம்பப் பூச்சிகளும் மரக்குளவிகளும் சேர்ந்து 8,000 இனங்களைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இந்த 8,000-ஐயும் ஒரே மூட்டையாகக் கட்டி சிம்ஃபைட்டா என்று பாடப்புத்தகங்கள் பெயர் வைத்தன. அது ஒரு கிளையின் பெயர் அல்ல. குளவி, எறும்பு, தேனீக் கிளையைக் குல மரத்திலிருந்து வெட்டி எடுத்தபின் மிச்சம் இருப்பதற்கு வைத்த பெயர். மூட்டைக்குள் இருக்கும் எல்லோரும் ஒருவருக்கொருவர் நெருங்கிய சொந்தமும் இல்லை. பைன் மரத்தைத் துளைக்கும் மரக்குளவிக்கு உங்கள் ரோஜாப் புழுவைவிடத் தேனீதான் கிட்டத்துப் பங்காளி. என் மாணவர்கள் இதை முதலில் நம்புவதில்லை. உடலைப் பார்த்தால் அப்படித் தெரியாது என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கல்லில் கிடைத்த ஆதாரத்தைச் சொல்கிறேன். ஹைமெனாப்டெராவின் மிகப் பழைய தொல்லெச்சங்கள் டிரையாசிக் காலத்தவை. ஏறக்குறைய 23 கோடி ஆண்டு வயது. மத்திய ஆசியாவில் கிர்கிஸ்தானின் மடிகன் பாறைகளிலும், ஆஸ்திரேலியாவிலும், தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்திருக்கின்றன. எல்லாம் சையெலிடே என்ற ஒரே குடும்பத்துச் சிறகுகள். சிறகுகள் என்றே சொல்லலாம், முழு உடலைவிடச் சிறகின் நரம்புக் கோடுகளே அதிகம் மிஞ்சுகின்றன. மரபணுக் கணக்கு இன்னும் பின்னால் போகிறது. 173 பூச்சியினங்களின் 3,000-க்கும் மேலான மரபணுக்களை ஒப்பிட்டு 2017-ல் வெளியான ஆய்வு, இந்தக் குலத்தின் தொடக்கத்தைச் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தில் வைத்தது. அப்போது உலகில் பூச்செடி என்று ஒன்றும் கிடையாது. ரோஜா இல்லை, புல் இல்லை, வேம்பு இல்லை. பெரணிகளும், கூம்பு காய்க்கும் மரங்களும், அவற்றின் பழைய உறவுகளும்தான். ரம்பப் பூச்சிகளின் முதல் பசி அங்கே தீர்ந்தது.

சையெலிடே குடும்பம் அத்தோடு அழிந்துபோகவில்லை என்பதுதான் என்னை இந்தத் துறைக்கு இழுத்த விஷயம். வட அரைக்கோளத்தில் இன்றும் சில டஜன் இனங்கள் இருக்கின்றன. சையெலா என்பது அதில் ஒரு பேரினம், மூன்று நான்கு மில்லிமீட்டர் பூச்சிகள். பெண் பூச்சி தன் நீண்ட முட்டையிடும் உறுப்பைப் பைன் மரத்தின் ஆண் கூம்புக்குள், அது விரிவதற்கு முன்பே, நுழைத்து முட்டை வைக்கும். புழு கூம்புக்குள்ளேயே பூந்தாதைத் தின்று வளரும். கூம்பு விரிந்து மஞ்சள் பொடி காற்றில் பறக்கும் சமயத்தில் அதன் சாப்பாடு முடிந்திருக்கும். கீழே விழுந்து மண்ணுக்குள் போய்விடும். சில புழுக்கள் ஒரு வருடத்துக்கு மேலும் மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். பைன் மரம் பூந்தாது கொட்டும் அந்தச் சில வாரங்களோடு முழு வாழ்க்கையையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. சைபீரியாவில், பைக்கால் ஏரிக்கு அப்பால் உள்ள பைசா என்ற இடத்தில் கிரெட்டேசியஸ் காலத் தொடக்கத்துப் பாறையில் சையெலிடே பூச்சிகள் கிடைத்தன. ரஷ்ய ஆய்வாளர்கள் கிரசிலோவும் ராஸ்னிட்சினும் அவற்றின் குடலைப் பார்த்தார்கள். குடலுக்குள் பூந்தாது இருந்தது. 1982-ல் அதை எழுதினார்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு பூச்சி கடைசியாகத் தின்றது என்ன என்று நமக்குத் தெரிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

குல மரத்தின் அடியில் யார் முதலில் பிரிந்தார்கள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சையெலிடே குடும்பமே எல்லாருக்கும் முன்னால் தனியாகப் பிரிந்தது என்பது பழைய பார்வை. சையெலிடேயும் உங்கள் ரோஜாப் புழுவின் கூட்டமும் ஒரே கிளை, மற்ற அனைத்தும் இன்னொரு கிளை என்பது 2017 ஆய்வின் பார்வை. எது வென்றாலும், தொடக்கத்தில் செடிதின்னிகளே இருந்தன என்பது மாறாது.

பிறகு செடிதின்னி எப்படி வேட்டைக்காரன் ஆனது? வழி மரத்துக்குள் போகிறது.

ஒரு கிளை இலையை விட்டுத் தண்டுக்குள்ளும் மரக்கட்டைக்குள்ளும் நுழைந்தது. கோதுமைத் தண்டைக் குடையும் செஃபிடே ஒரு பக்கம். காய்ந்த மரத்தையும் நலிந்த மரத்தையும் துளைக்கும் மரக்குளவிகள் இன்னொரு பக்கம். கட்டை மோசமான சாப்பாடு. அதைக் கடித்துத் தள்ளலாம், செரிக்க முடியாது. சைரிசிடே மரக்குளவிகள் இதற்கு ஒரு பூஞ்சையைக் கூட்டாளியாக வைத்திருக்கின்றன. பெண் குளவியின் முட்டையிடும் உறுப்பின் அடிப்பகுதியில் அந்தப் பூஞ்சையைச் சுமக்கவே தனிப் பைகள் உண்டு. முட்டையோடு பூஞ்சையையும், சைரெக்ஸ் நாக்டிலியோ போன்ற இனத்தில் மரத்தை நலியவைக்கும் ஒரு கோழையையும் சேர்த்தே மரத்துக்குள் செலுத்தும். பூஞ்சை மரத்தை இளக்கும். புழு அதைக் கொண்டு வளரும். தன் ஊரான ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இந்தச் சைரெக்ஸ் பெரிய தொல்லை இல்லை. தென் அரைக்கோளத்தின் பைன் தோட்டங்களுக்குள் புகுந்ததும் கதை மாறியது. 1987-க்கும் 1989-க்கும் இடையில் தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா எல்லைப் பகுதியில் மட்டும் சுமார் 50 லட்சம் பைன் மரங்கள் செத்தன.

அதை அடக்க உதவுவது மருந்தல்ல, ஒரு நூற்புழு. 1962-ல் நியூசிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நூற்புழுவுக்கு இரண்டு வாழ்க்கை. சைரெக்ஸ் புழு பக்கத்தில் இல்லாதபோது, அதே பூஞ்சையைத் தின்று மரத்துக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். சைரெக்ஸ் புழு கிட்டத்தில் இருந்தால் வேறு உருவமெடுத்து அதன் உடலுக்குள் புகும். கடைசியில் பெண் குளவியின் முட்டைகளுக்குள்ளேயே குடியேறிவிடும். அந்தக் குளவி பறந்து போய் அடுத்த மரத்தில் வழக்கம்போல் முட்டையிடும். ஆனால் அது வைப்பது குஞ்சை அல்ல, நூற்புழுக்களை. பூஞ்சை, குளவி, நூற்புழு மூன்றும் ஒன்றோடொன்று எவ்வளவு காலம் பழகியிருந்தால் இப்படி ஒரு ஏற்பாடு அமையும் என்று யோசித்துப் பாருங்கள்.

மரத்துக்குள் கூட்டம் அதிகம். வண்டுப் புழுக்கள், மரக்குளவிப் புழுக்கள், பூஞ்சை எல்லாம் ஒரே கட்டையில். வேட்டையின் தொடக்கம் இங்கேதான் என்று கருதப்படுகிறது. சுரங்கத்தில் குறுக்கே வந்த இன்னொரு புழுவைத் தின்ற ஏதோ ஒரு மரக்குளவிப் புழுவுக்கு, கட்டையைவிட அது நல்ல சாப்பாடாக அமைந்திருக்கும். மரத்துக்குள் ஆழமாக முட்டை வைக்கும் கருவி தாயிடம் ஏற்கெனவே இருந்தது. குறி மட்டும்தான் மாற வேண்டியிருந்தது.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்குச் சாட்சி, ஒருஸ்ஸிடே என்ற சின்னக் குடும்பம். உலகம் முழுவதும் 100 இனங்கள்கூட இல்லை. உருவத்தில் மரக்குளவி, இடை மெலியவில்லை. பழக்கத்தில் ஒட்டுண்ணி, அதன் குஞ்சு மரத்துக்குள் இருக்கும் வண்டுப் புழுவைத் தின்று வளர்கிறது. குளவி, எறும்பு, தேனீ அனைத்துக்கும் மிக நெருங்கிய உறவு இதுதான் என்று உடலமைப்பும் மரபணுவும் ஒன்றாகச் சொல்கின்றன.

இத்தனை வருடத்தில் இதை உயிரோடு ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். வெயில் விழும் பட்டைபோன மரத்தில், எறும்பு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டடி ஓடும், நிற்கும், உணர்கொம்பின் நுனியால் கட்டையைத் தட்டும். மறுபடி ஓடும். முழுதாக அரை மணி நேரம் இப்படித் தட்டிக்கொண்டே போனது. கதவைத் தட்டுவது போலல்ல, தட்டிய அதிர்வு கட்டைக்குள் போய்த் திரும்புவதை முன்னங்கால்களால் வாங்கி, உள்ளே எங்கே குடைந்திருக்கிறது என்று அது கண்டுபிடிக்கிறது. பின் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. அதன் முட்டையிடும் உறுப்பு உடலைவிட நீளம், மயிரிழை போல மெல்லியது, உடலுக்குள்ளேயே சுருண்டு மடங்கி இருக்கும். அது மெதுவாக வெளியே வந்து கட்டைக்குள் இறங்கியது. நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.

இடை மெலிந்தது அதற்குப் பிறகுதான். குளவியின் இடை என்று நாம் சொல்வது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருப்பதல்ல. வயிற்றின் முதல் வளையம் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. முதல் வளையத்துக்கும் இரண்டாம் வளையத்துக்கும் நடுவில்தான் சுருங்கியது. அதனால் வயிற்றை எந்தப் பக்கமும் திருப்பி, குறிபார்த்துக் குத்த முடிந்தது. பின்னால் ஒரு கிளையில் முட்டையிடும் உறுப்பே நஞ்சு செலுத்தும் கொடுக்காயிற்று. தேனீயின் கொடுக்கும், உங்கள் ரோஜாத் தண்டைக் கீறிய ரம்பமும் ஒரே உறுப்பின் இரண்டு உருவங்கள். ஆண் தேனீ கொட்டாததற்குக் காரணமும் இதுவே. புழுக்களின் காலிலும் இந்தப் பயணம் தெரியும். இலையில் நடக்கும் உங்கள் புழுவுக்கு நிறையக் கால்கள். கட்டைக்குள் கிடக்கும் மரக்குளவிப் புழுவுக்குப் பெயருக்குக் குட்டைக் கால்கள். குளவி, தேனீக் குஞ்சுகளுக்குக் காலே இல்லை. சாப்பாட்டின் மேலேயே பிறக்கும் குஞ்சுக்குக் கால் எதற்கு?

'பின்தங்கிவிட்ட இனம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். அதை நான் ஏற்கவில்லை, ஏற்காததற்கு ரம்பப் பூச்சிகள்மேல் எனக்கிருக்கும் பிரியம் மட்டும் காரணமில்லை. இடை மெலியாத எல்லோரும் அன்றிருந்தபடியே நின்றுவிட்டதாக அந்தச் சொல் நினைக்க வைக்கிறது. பூச்செடிகள் பெருகியபோது ரம்பப் பூச்சிகளும் அவற்றோடு பெருகின. டெந்த்ரெடினிடே என்ற ஒரே குடும்பத்தில் இன்று 5,000-க்கும் மேல் இனங்கள். பெரும்பாலான பூச்சிகள் வெப்பமண்டலத்தில் அதிகம், வடக்கே போகப் போகக் குறையும். நெமட்டினே என்ற ரம்பப் பூச்சிக் கூட்டம் இதற்கு எதிர். குளிர்நாட்டு வில்லோச் செடிகளை நம்பி, ஆர்க்டிக் எல்லைவரை செழித்திருக்கிறது. அதில் சில, வில்லோ இலையில் முடிச்சு உண்டாக்கும். தாய் இலையைக் கீறும்போது செலுத்தும் திரவத்திலேயே இலை வீங்கத் தொடங்கிவிடும். புழு வெளிவரும் முன்பே அதற்கு வீடும் சாப்பாடும் தயார்.

தற்காப்பைப் பாருங்கள். பைன் மரத்தைத் தின்னும் டிப்ரியோனிடே புழுக்கள், பைன் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினையே முன்குடலின் பைகளில் சேமித்து வைக்கும். எறும்பு வந்தால் தலையைத் திருப்பி ஒரு சொட்டைக் கக்கி அதன்மேல் ஒட்டும். ஆஸ்திரேலியாவின் பெர்ஜிடே புழுக்கள் யூகலிப்டஸ் எண்ணெயை அப்படியே செய்கின்றன. பகலில் கொத்தாக மரத்தில் கிடந்து, இரவில் பிரிந்து மேயப் போகும். அந்தக் குடும்பத்தில் முட்டையையும் இளம் புழுக்களையும் விட்டு நகராமல் காவல் நிற்கும் தாய்களும் உண்டு. குயின்ஸ்லாந்தில் ஒரு பெர்ஜிடே இனத்தின் புழுக்களை மரத்தடியில் மேய்ந்து மாடுகள் செத்திருக்கின்றன. எல்லாக் கிளையும் தழைத்தது என்று சொல்லமாட்டேன். ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலத்தில் பல இனங்களோடு இருந்த அனாக்சியெலிடே குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. வட அமெரிக்காவின் மேற்கில், காட்டுத் தீ அணைந்து சூடு ஆறாத மரத்தில் வந்து முட்டை வைக்கும் பூச்சி அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளவிகளின் பெருக்கத்துக்கு மெல்லிய இடையும் கொடுக்கும் ஒட்டுண்ணி வாழ்வுமே காரணம் என்று நாங்களும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2023-ல் வெளியான ஒரு பெரிய ஒப்பாய்வில் அவற்றைவிட வலுவாகத் தெரிந்தது வேறு: வேட்டைக்குப் போன கிளைகளில் சில மீண்டும் செடிக்கே திரும்பியது. பூந்தாது சேர்க்கும் தேனீக்களும், இலையில் முடிச்சுக் கட்டும் குளவிகளும் இப்படித் திரும்பியவர்கள். 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்கிறோமே, அத்திக்குள் இருக்கும் அந்தக் குட்டிக் குளவிகளும் அந்த வகைதான். நீங்கள் கேட்ட 'சைவத்துக்கு மாறிய குளவி' நிஜமாகவே உண்டு. அது தேனீ. உங்கள் ரோஜாப் புழு செடியை விட்டுப் போகவே இல்லை.

இனி செடிக்கு என்ன செய்வது? இலையை விட்டு, இளந்தண்டைப் பாருங்கள். ரோஜாவைத் தாக்கும் ஆர்ஜே வகைப் பெண், தண்டின் ஓரமாக ரம்பத்தைச் செலுத்தி வரிசையாகக் கீறி முட்டை வைக்கும். லென்ஸ் வைத்தால் தையல் போட்டதுபோல் பக்கம் பக்கமாகக் கீறல் தெரியும். சில நாளில் தண்டு அந்த இடத்தில் பிளந்து, ஒரு பக்கமாக வளையும். அந்தத் துண்டைக் கத்தரித்துவிட்டால் அடுத்த கூட்டம் குறையும். இலையில் இருப்பவற்றைக் கையால் எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள்; கடிக்காது, கொட்டாது. வளர்ந்த செடி ஒரு தடவை இலையிழந்தால் செத்துவிடாது, மறுபடி துளிர்க்கும்.

எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். பெரிய புழுக்களில் ஐந்தாறை, ரோஜா இலையோடு, அடியில் இரண்டு விரல் ஈர மண் போட்ட கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, வாயில் துணி கட்டி வையுங்கள். தின்று முடித்ததும் கூடு கட்டும். அந்தக் கூட்டுக்கு உள்ளுக்குள் இன்னொரு சுவர் இருப்பதைப் பிரித்தால் பார்க்கலாம், ஆனால் ஒன்றை மட்டும் பிரியுங்கள். மற்றவற்றிலிருந்து இடை மெலியாத, தடித்த உடம்புப் பூச்சி வந்தால், பெண்ணா என்று வாலடியைப் பாருங்கள், ரம்பம் தெரியும். ஒரு கூட்டிலிருந்து மட்டும், நூல் போல இடையுள்ள சின்னக் குளவி ஒன்று வெளியே வந்தால், மருந்தடிக்கவேண்டாம், பாட்டிலை வெளியே கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். உள்ளே இருந்த புழுவைத் தின்று வளர்ந்தது அது. மரத்துக்குள் வேட்டையைக் கற்றுக்கொண்ட கிளையிலிருந்து, இலையிலேயே இருந்துவிட்ட பங்காளியைத் தேடி வந்த ஆள். பறப்பதற்குள் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்ப முடிந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.